பழைய ஹைபிரிட் வண்டியும் ஒரு குமாஸ்தாவின் ஆட்சேபணையும்

போன மாதம் ஒரு நாள் காலை நடை முடிந்து காபிக்கு உட்கார்ந்தபோது எங்கள் கோஷ்டியில் பெரிய விவாதம். காரணம் என் மாப்பிள்ளை. ரேடியல் ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய ஹைபிரிட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். விலை ஒன்பது லட்சம். அதில் மூன்று லட்சம் நான் தருவதாகச் சொல்லியிருந்தேன். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் மிச்சமிருப்பது அதுதான்.

நான் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. ரயில்வேயில் இருந்த நண்பர், "லட்சம் தாண்டின ஹைபிரிட்டா? பேட்டரி போச்சுன்னா எடைக்குத்தான் போடணும். தொடாதீங்க" என்றார். பக்கத்தில் இருந்த வங்கி மேனேஜர், "ஜப்பான் டெக்னாலஜி சார், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார்.

இரண்டு பேர் மேலும் எனக்கு மதிப்பு உண்டு. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஒருவர் பார்க்காமலே வேண்டாம் என்கிறார், மற்றவர் பார்க்காமலே வாங்கு என்கிறார். பார்க்க வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? அன்று இருவரும் பேசிய வேகத்தில் என்னால் இதைச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மோட்டார் வித்தை தெரியாது. சொந்தமாக ஓட்டியது ஒரு பஜாஜ் சேதக், அதோடு சரி. ஆனால் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 33 வருஷம் பில் பார்த்தவன். வவுச்சர் இல்லாத பில் எவ்வளவு அழகாக டைப் அடித்து வந்தாலும் என் மேஜையைத் தாண்டாது. "நம்ம ஆளு சார், நல்ல மனுஷன்" என்று சிபாரிசோடு வரும். நல்ல மனுஷன் என்பது வவுச்சர் இல்லை. அதற்கும் முன்னால், புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது எங்கள் முசியே தினமும் திக்தே வைப்பார். நாம் டிக்டேஷன் என்கிறோமே, அது. ஐந்து தப்புக்கு மேல் போனால் பூஜ்யம். எழுதி முடித்ததும், "திரும்பப் படி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை.

மாப்பிள்ளையோடு கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் படித்தேன். பேத்தி யூடியூப் போட்டுக் கொடுத்தாள். பேட்டைக்குள் இருபது வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கும் தம்பி ஒருவரிடமும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அதில் எனக்குப் புரிந்த பெரிய விஷயம் இது.

சாதாரண பெட்ரோல் வண்டியில் குறை இருந்தால் வண்டியே சொல்லிவிடும். இன்ஜின் தட்டும், புகை கக்கும், ஏற்றத்தில் திணறும், கிளட்ச் வாசனை வரும். ஹைபிரிட்டில் ஒரு பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கின்றன. பெட்ரோல் இன்ஜின் சோர்ந்தால் மோட்டார் கை கொடுக்கும். பேட்டரி சோர்ந்தால் இன்ஜின் அடிக்கடி எழுந்து அதற்கு ஊட்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் கடனை இன்னொருவர் மறைப்பதுபோல. பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவில் வண்டி வெண்ணெய் மாதிரி போகும். நாமும் ஏமாந்து போவோம்.

ஆகவே நாம் காலங்காலமாகச் செய்யும் பரிசோதனைகளான கதவைச் சாத்திச் சத்தம் கேட்பது, டயரை உதைப்பது, பெயிண்டை விரலால் தடவி டிங்கர் வேலை நடந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இங்கே பாதிக் கிணறுகூடத் தாண்டாது. அப்புறம் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வருகிறோம்.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். போனோம். வண்டி பளபளவென்று நின்றது. டேஷ்போர்டில் குட்டிப் பிள்ளையார், உள்ளே மல்லிகை வாசனை ஸ்பிரே. விற்பனைப் பையன் நல்ல மரியாதையான பையன். "அங்கிள், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி. 200 பாயிண்ட் செக் பண்ணியிருக்கோம்" என்று ஒரு தாளை நீட்டினான். எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். நான் பேசாமல் பானெட் மேல் கை வைத்தேன். சுட்டது.

வெயில் சூடு இல்லை அது, வண்டி நிழலில்தான் நின்றிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சாதாரண வண்டியில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். ஹைபிரிட்டில் இதுதான் முதல் சந்தேகம். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில் பட்டனை அழுத்தினால் சில விநாடியில் இன்ஜின் தானே எழுந்து ஓடும், தன்னைச் சூடாக்கிக்கொள்வதற்காக. அப்போதுதான் அதன் நோய் வெளியே தெரியும். ஏற்கெனவே சூடாக இருந்தால் 'ரெடி' என்று விளக்கு மட்டும் எரியும், இன்ஜின் மூச்சே விடாது. நாமும் "ஆகா, எவ்வளவு சைலன்ட்" என்று வியப்போம். தூங்குகிறவனைப் பார்த்து எவ்வளவு சாது என்று வியக்கிற கதை.

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடிய வண்டி. இந்தியாவில் பிரியஸ் 2010ல் விற்பனைக்கு வந்தபோது வந்ததும் அந்தத் தலைமுறைதான். அதில் கிலோமீட்டர் ஏறிய பிறகு மெக்கானிக்குகள் எல்லோரும் பேசும் குறை ஒன்று உண்டு. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் பாதையில் கரி அடைத்துக்கொள்ளும், நாளடைவில் ஹெட் கேஸ்கெட் போகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி அரை நிமிஷம் கிடுகிடுவென்று உதறும், அப்புறம் ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும். அந்த அரை நிமிஷத்தை நீங்கள் பார்க்கவில்லை என்றால் வண்டியையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

"தம்பி, நாளைக்குக் காலையில ஏழரைக்கு வரோம். யாரும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்றேன். பையன் முகம் சுருங்கியது. "அங்கிள், கடை பத்து மணிக்குத்தான் திறப்போம்." "நான் கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்தவன் தம்பி, வெளியில உக்காந்து காத்திருக்கறது எனக்குப் பழக்கம்" என்றேன். மாப்பிள்ளை நெளிந்தார்.

அன்றே இன்னொன்றும் கேட்டேன். பேட்டரிக்குக் காற்று போகிற வழி எங்கே? பல ஹைபிரிட்களில் பெரிய பேட்டரி பின் சீட்டுக்கு அடியிலோ அதன் பின்னாலோ இருக்கும். அதைக் குளிர்விக்க ஒரு சின்ன மின்விசிறி உண்டு, அது மூச்சு விடும் ஜன்னல் பின் சீட்டுப் பக்கத்தில் இருக்கும். அதன் மேல் பையைப் போட்டு மூடுவார்கள், நாய் முடி அடைத்திருக்கும், பத்து வருஷ தூசி இருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் பேட்டரி வெந்து போவதற்கு அந்த அடைப்பு ஒன்றே போதும். பையன் டார்ச் அடித்துக் காட்டினான். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. 200 பாயிண்ட் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

மறுநாள் ஞாயிறு. ஒர்க் ஷாப் தம்பியையும் அழைத்துக்கொண்டு ஏழரைக்குப் போய் நின்றோம். எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. வண்டி குளிர்ந்திருந்தது. பட்டனை அழுத்தினார் மாப்பிள்ளை. இன்ஜின் எழுந்தது, எழுந்த கையோடு ஒரு உதறல். பிள்ளையார் ஆடினார். இருபது விநாடி இருக்கும், அப்புறம் அடங்கியது.

தம்பி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினார். எரர் எதுவும் இல்லை என்று வந்தது. பையனுக்கு உயிர் வந்தது. தம்பி விடவில்லை, இன்னும் இரண்டு பக்கம் தள்ளி ஒரு வரியைக் காட்டினார். எரர்களை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம்: 19 கிலோமீட்டர். அதாவது முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ யாரோ ஸ்லேட்டைத் துடைத்திருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. ஆனால் துடைத்த கை தெரிகிறது. என் ஆபீஸ் பாஷையில் சொன்னால், லெட்ஜரில் ஒயிட்னர் போட்ட பக்கம்.

பல்லாவரம் மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். பேட்டரி உள்ளே பல தொகுதிகளாக இருக்கும். ஒவ்வொன்றின் வோல்டேஜையும் தனித்தனியாக ஸ்கேனர் காட்டும். வண்டி நிற்கும்போது எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவில் இருக்கும். பாலம் ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, எது பின்தங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வண்டியில் ஒன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் தனியாக விழுந்தது. மீட்டரில் பேட்டரிக் கோடுகள் பாலத்தில் சரசரவென்று இறங்கி, இறக்கத்தில் சரசரவென்று ஏறின. ஏறி இறங்குவது இயல்புதான், ஆனால் அந்த வேகம் இயல்பில்லை என்றார் தம்பி. கொள்ளளவு சுருங்கிப்போன குடம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும்.

பிரேக்கையும் அவர் பார்த்தார். ஹைபிரிட்டில் பிரேக் மிதித்தால் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிவிடும். அதனால் பேட் தேயாது. "பேட் புதுசு மாதிரி இருக்கு" என்று பெருமையாகச் சொல்வார்கள். வேலை இல்லாததால் டிஸ்க் துருப்பிடித்து கேலிப்பர் இறுகிக் கிடக்கும் என்று சொல்ல மாட்டார்கள். இன்வெர்ட்டருக்கு இன்ஜினோடு சேராத தனி கூலன்ட் பல மாடல்களில் உண்டு, அதன் அளவையும் யாரும் பார்ப்பதில்லை. ஆரஞ்சு நிற ஒயர்கள் மட்டும் யாரும் தொடக்கூடாதவை. பயிற்சி இல்லாத மெக்கானிக் "திறந்து பாத்துடலாம் சார்" என்று சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், உயிர் போகும்.

நாங்கள் வேண்டாம் என்று சொன்னபோது கடைக்காரரே வந்துவிட்டார். "சார், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பழைய வண்டின்னா நாலு குறை இருக்கத்தான் செய்யும். நம்பிக்கைதான் சார் வியாபாரம். இவ்வளவு சந்தேகப்பட்டா எதையுமே வாங்க முடியாது."

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதுதான் என் கோபத்துக்குக் காரணம். நம்பிக்கை வியாபாரம் என்றால் அதற்கு ஆதாரம் கொடுக்க வேண்டியது விற்கிறவர். வாங்குகிறவன் கேள்வி கேட்டால் சந்தேகப் பிராணி, கேட்காமல் ஏமாந்தால் அவன் தலையெழுத்து. இப்படி ஒரு ஏற்பாட்டை நாம் மரியாதை என்று நினைத்து ஒத்துக்கொண்டிருக்கிறோம். நம் தலைமுறைக்கு இது அதிகம். கடைக்காரர் காபி வரவழைத்துவிட்டால் வண்டியைக் குனிந்து பார்ப்பதே அநாகரிகம் என்று நினைக்கிறோம்.

சட்டமும் அவர் பக்கம்தான் சாய்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன 1930ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தில் 16ம் பிரிவு, வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதில் தொடங்குகிறது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதிலும் ஒரு கொக்கி. வாங்குகிறவன் பொருளைப் பரிசோதித்துவிட்டான் என்றால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவன் அப்புறம் புகார் சொல்ல முடியாது. ஆகவே கதவைச் சாத்தி டயரை உதைத்துவிட்டு வருகிற நம் அரைகுறைப் பரிசோதனை நமக்கே எதிராக நிற்கும்.

நான் பிறந்த ஊரை ஆண்டவர்கள் இதை வேறு மாதிரி எழுதி வைத்தார்கள். 1804ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641ம் பிரிவு, பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவனே பொறுப்பு என்கிறது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டான், அல்லது குறைத்துத்தான் கொடுத்திருப்பான் என்ற அளவுக்குக் குறை இருந்தால் போதும். பிரெஞ்சுக்காரன் எல்லாவற்றிலும் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. 1962 ஆகஸ்ட் 16ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினோரு வயசு, கொடியேற்றி மிட்டாய் வாங்கியவன்தான் நானும். ஆனாலும் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

பாரிஸ் பக்கத்தில் சார்செல்லில் என் அத்தை பையன் இருக்கிறான். பல வருஷம் பிரியஸ் டாக்சி ஓட்டினான். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் விற்றான். வாங்க வந்தவர் முதலில் கேட்டது கோந்த்ரோல் தெக்னிக் காகிதத்தை. 1992லிருந்து அங்கே அது கட்டாயம். நாலு வருஷம் ஆன கார் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போக வேண்டும், விற்கும்போது ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றிதழைக் கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மீட்டர் எண்ணையும் குறித்துவிடுவார்கள், அதனால் மீட்டரைத் திருப்புவது சுலபமில்லை. திருப்பினால் ஜெயில். பேட்டரியின் உள் ஆரோக்கியத்தை அந்தக் காகிதம் சொல்லிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சு காகிதத்திலிருந்து தொடங்குகிறது. காபியிலிருந்து இல்லை. இன்னொரு வேடிக்கை: பழைய காருக்கு பிரெஞ்சில் 'ஒக்காசியோன்' வண்டி என்று பெயர். ஒக்காசியோன் என்றால் வாய்ப்பு. யாருக்கு வாய்ப்பு என்பதுதான் கேள்வி.

இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து வருஷம் வரை எஃப்.சி. கிடையாது. புகைச் சான்றிதழ் புகையை மட்டும் பார்க்கும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கு மத்திய அரசு புது விதி போட்டிருக்கிறது. டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டியை வெளியே எடுத்தால் எதற்காக, யார் ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நல்ல விதி. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று நான் கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். அந்த விதியும் வண்டி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஹைபிரிட் என்றால் பேட்டரி ரிப்போர்ட்டும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

நம் பக்கத்து ஜனங்களுக்கு இது கூடுதல் கவலை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மறுபடி பார்த்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாகக் கார்களைக் கட்டி இழுத்துப்போன காட்சி யாருக்கு மறக்கும்? அத்தனை வண்டியும் எடைக்குப் போகவில்லை. கழுவி, காயவைத்து, ஸ்பிரே அடித்து எங்கோ விற்பனைக்கு நிற்கின்றன. தரையோடு ஒட்டிப் பேட்டரி வைத்த வண்டியில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு இருக்கும், சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு இருக்கும், ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல் இருக்கும். மல்லிகை வாசனை தூக்கலாக இருந்தால் நான் ஒரு அடி பின்னால் வைப்பேன்.

சரி, ரயில்வே நண்பர் சொன்னபடி லட்சம் தாண்டினாலே தொடக்கூடாதா? இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளை வாங்கிய வண்டி 1,52,000 கிலோமீட்டர் ஓடியது. முதல் வண்டியைவிட அதிகம். செம்பாக்கத்தில் ஒரு கம்பெனி அதிகாரி, தினமும் ஒரகடம் போய் வந்தவர். ஒரு பழைய கேக் டப்பா நிறைய சர்வீஸ் பில், ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகிறது, எங்கேயும் இறங்கவில்லை. பேட்டரி விசிறியைச் சுத்தம் செய்த பில்கூட இருந்தது. நாங்கள் கேட்காமலே, "காலைல ஆறரைக்கு வாங்க சார், வண்டி குளிர்ந்திருக்கும்" என்றார். ஸ்கேனரில் எல்லாத் தொகுதியும் பாலம் ஏறும்போதும் ஒன்றாகவே நின்றன. எரர் அழித்து எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் ஆகியிருந்தது. டொயோட்டாவும் ஹோண்டாவும் இப்போது இங்கே விற்கும் ஹைபிரிட்களுக்குப் பேட்டரி வாரண்டி எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலோ அது. இந்த வண்டி அந்த எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும் என்று அவரே சொல்லி, அதற்காக விலையிலும் குறைத்தார். மாப்பிள்ளை பயந்தார். நான் பயப்படவில்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய ஒன்றரை லட்சம், நின்று நின்று வெந்த அறுபதாயிரத்தைவிட மேல்.

பாரம் 29, பாரம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, கடன் பாக்கி இருக்கிறதா, அபராதச் சலான் நிலுவையில் இருக்கிறதா என்று பரிவாகனில் பார்த்து, அதே வாரம் பெயர் மாற்ற மனுப் போட்டோம். இது விற்கிறவருக்கும் முக்கியம். பெயர் மாறாத வரை விபத்துக்குப் பதிவில் இருக்கும் சொந்தக்காரரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்று சொல்லும் நண்பர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

வங்கி மேனேஜர் நண்பர் புது வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே, ஜப்பான் வண்டின்னா கவலையே இல்லை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

அந்த முதல் வண்டி பத்து நாளில் விற்றுவிட்டதாம். ஒர்க் ஷாப் தம்பி சொன்னார். போன வியாழக்கிழமை வெற்றி தியேட்டர் பக்கம் சிக்னலில் அதே நிறத்தில், அதே மாதிரி ஒரு வண்டி நின்றது. பின் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுடைய பைகள் அந்தக் காற்று ஜன்னல் இருக்கும் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தன. நம்பரைப் பார்ப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது.